கதிரவன் எழாத நாட்களில்



சென்ற ஆண்டு நவம்பர் மாத இறுதியில், ஒருநாள் மாலைச் செபமாலை முடிந்தபின், நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்குமனைக்கு வந்து நம்மைக் கண்டார். அவருடைய மகள் மணமாகி, நோர்வே நாட்டின் வடபகுதியிலுள்ள துரொம்சோ நகரில் கணவனோடும் இரு குழந்தைகளோடும் வாழ்ந்து வருகிறாள்.

“சுவாமி, ஆண்டுதோறும் இந்த மாதம் பிறந்தால் என் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிடுகிறது. பத்து மணி நேரம் உறங்கியும் களைப்புத் தீரவில்லை என்கிறாள். ரொட்டியும் இனிப்புமாகத் தின்கிறாள். ஞாயிறு பூசைக்கும் போவதில்லையாம். இவ்வளவு வசதி இருந்தும் இப்படிச் சோம்பிக் கிடக்கலாமா என்று ஏசிவிட்டேன். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை” என்று கூறிக் கண்கலங்கினார். மகளுக்கு அனுப்பவென மல்லித்தூளும் சுக்கும் ஒடியல் மாவும் பொதியாகக் கட்டிக் கொண்டு வந்திருந்தார். வேறு நல்ல மூலிகை ஏதும் உண்டா என்பதே அவருடைய கேள்வி.

அத்தாயைக் குறைகூற நமக்கு வாயில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த வாலிபர் ஒருவர் இதே நிலையை நம்மிடம் எடுத்துரைத்தபோது, தலையான பாவங்கள் ஏழினுள் சோம்பலும் ஒன்று என்று அவருக்குப் போதித்து அனுப்பினோம். அவர் தலைகுனிந்து சென்றார். சோம்பலைப் பற்றி நாம் கூறியது பிழையன்று. அது அவரிடம் இருந்ததென எண்ணியதே பிழை. அதன்பின்னரே இப்பொருளைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றுள் சிலவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம். 1980களில் நம்மவர் பலர் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். ஆகவே இது நம்மில் பல குடும்பங்களுக்கு உரிய பொருளே.

துரொம்சோ நகரம் வட அகலாங்கு 69 பாகைக்கு அப்பால் உள்ளது. அங்கே நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை கதிரவன் அடிவானத்துக்கு மேல் எழுவதேயில்லை. நண்பகலில் சிறிது நேரம் நீலநிறமான மங்கல் ஒளி பரவி மறையும், அவ்வளவே.

இத்தகைய இருள் மனிதனை என்ன செய்யும் என்பதை 1898ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் கண்டறிந்து எழுதினார். பெல்ஜிகா என்னும் கப்பல் தென்துருவப் பனிக்கடலில் உறைந்து சிக்கியது. சுமார் 70 நாட்கள் கதிரவனே தோன்றவில்லை. மாலுமிகள் சோர்ந்தனர், சிலர் மனம் பேதலித்தனர். கப்பல் மருத்துவரான ஃபிரெடரிக் குக், நோயுற்றோரை எரியும் அடுப்பின் முன்னே நிறுத்தி அதன் ஒளியும் சூடும் உடலிற் படச் செய்தார். பெங்குவின், கடல்நாய் இவற்றின் புதிய இறைச்சியை உண்ணக் கட்டாயப்படுத்தினார். பனியின்மேல் நடக்கவும் செய்தார். பிற்காலத்தில் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த நோர்வே வீரர் அமுண்ட்சன் அக்கப்பலில் இருந்தவரே.

இந்நோய்க்கு முறையான பெயரும் விளக்கமும் கிடைத்தது 1984இல் ஆகும். நோர்மன் ரோசந்தால் என்னும் மருத்துவர் தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து அமெரிக்கா சென்றவர். குளிர்காலம் வந்ததும் தம் ஊக்கம் குன்றுவதைத் தாமே உணர்ந்தவர். அவரும் அவருடைய துணைவரும் இதனைப் பருவகால மனச்சோர்வு என விவரித்தனர். மிகு உறக்கம், மாப்பொருள் மீதும் இனிப்பின் மீதும் அடங்காத நாட்டம், உடல் பருத்தல், மக்களைக் காண விருப்பமின்மை ஆகியன அதன் அடையாளங்கள். அத்தாய் நம்மிடம் கூறியவை அனைத்தும் இப்பட்டியலில் இருக்கக் கண்டோம்.

காரணம் என்ன? நம் மூளையில் ஓர் உட்கடிகாரம் உண்டு. காலையில் கண்வழியே புகும் ஒளியே அதனை நாள்தோறும் சரிசெய்கிறது. இரவில் உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்னும் சுரப்பை அடக்குவதும் அவ்வொளியே. விடியல் வராத ஊரில் அக்கடிகாரம் பிந்திப் போகிறது. உடல் பகலிலும் இரவையே உணர்கிறது. எல்லாருக்கும் இவ்வாறு நேர்வதில்லை; நேர்பவருக்கு அது அவர்தம் குற்றமன்று.

இனி, பரிகாரங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒளி. வீட்டு விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸ் அளவைத் தாண்டாது. மருத்துவர் பரிந்துரைக்கும் ஒளிப்பெட்டியோ 10,000 லக்ஸ் தரவல்லது. எழுந்தவுடன் ஏறத்தாழ 30 நிமிடம் அதன் முன் அமர வேண்டும். அதை உற்று நோக்க வேண்டியதில்லை, வாசிக்கலாம், உணவருந்தலாம். பலருக்கு ஓரிரு வாரங்களில் பயன் தெரியும். கண்நோய் உடையோரும், மனம் ஒருகாலம் மிதமிஞ்சிக் கிளர்ந்து மறுகாலம் தாழும் நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைக் கையாளலாகாது.

இரண்டாவது, நடை. கதிரவன் எழும் ஊர்களில், மேகம் மூடிய பகலிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டினுள் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. துரொம்சோ போன்ற ஊரிலும், நண்பகல் மங்கலில் உடலை நன்கு போர்த்துக்கொண்டு அரைமணி நேரம் நடப்பது உறக்கத்தையும் மனத்தையும் சீர்செய்ய உதவும்.

மூன்றாவது, மீன் எண்ணெய். ‘ர்’ என்னும் எழுத்தில் முடியும் செப்டெம்பர், ஒக்டோபர் முதலிய மாதங்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்திலும் நோர்வே மொழியிலும் செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரையுள்ள மாதப்பெயர்களில் அவ்வெழுத்து வரும். அம்மாதங்களில் கொட் மீன் ஈரல் எண்ணெய் அருந்துவது நோர்வே மக்களின் பழைய வழக்கம். வெயில் படாத தோலுக்கு, அதிலும் நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு, விற்றமின் டி குறைவது எளிது. நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எலும்புக்கும் தசைக்கும் நன்று. ஆனால் அது மனச்சோர்வைத் தடுக்கும் எனக் கூறுவதற்கில்லை. 18,000 பேருக்கு மேல் பங்குபெற்று 2020இல் வெளியான பெரும் ஆய்வு அவ்வாறு தடுக்கவில்லை என்றே காட்டியது. கருவுற்ற தாய்மார் ஈரல் எண்ணெயைத் தவிர்த்தல் வேண்டும். அதிலுள்ள விற்றமின் ஏ சிசுவுக்குத் தீங்கு செய்யலாம்.

நான்காவது, மூலிகை. ஐரோப்பாவில் மஞ்சள் மலர் பூக்கும் ஒரு செடி உண்டு. திருமுழுக்கு அருளப்பரின் திருநாளாகிய ஜூன் 24ஐ ஒட்டிப் பூப்பதால் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. மனச்சோர்வுக்கு அது ஓரளவு பயன்படுவதாக ஆய்வுகள் உண்டு. எனினும் இங்கேதான் நாம் கவனமாய் இருத்தல் வேண்டும். மருத்துவர் தந்த மனச்சோர்வு மாத்திரையோடு இதனைச் சேர்த்து உண்டால், நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் மருந்து முதலியவற்றின் ஆற்றலையும் இது குறைத்துவிடும்.

இவ்விடத்தில் அத்தாயை ஒன்று கேட்டோம்: “மகள் மாத்திரை ஏதும் உண்கிறாளா?” “ஆம் சுவாமி, அங்குள்ள டாக்டர் கொடுத்திருக்கிறார். ஆனால் உடன் வேலைசெய்யும் பெண் ஒருத்தி இந்தப் பூவின் குளிசையைக் கொடுத்திருக்கிறாளாம். இயற்கை மருந்துதானே, அதையும் சேர்த்துச் சாப்பிடு என்று நானே சொன்னேன்” என்றார். நாம் உடனே மருமகனுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லச் செய்தோம். அவள் அக்குளிசையை இரண்டு நாட்களே உண்டிருந்தாள். அன்றே அதனை நிறுத்தி, மறுநாள் மருத்துவரிடம் யாவற்றையும் கூறினாள். இயற்கையில் விளைந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. அலரி விதையும் இயற்கையில் விளைந்ததே என்பது நம் ஊரார் அறிந்த துயரம்.

மல்லியும் சுக்கும் நோயைத் தீர்க்குமா? தீர்க்கமாட்டா. ஆனால் வீட்டின் மணத்தை அவை கொண்டுசெல்லும்; கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் உடலுக்கு இதம் தரும். மாலையில் அருந்தும் கோப்பியோ இரவு உறக்கத்தைக் கெடுக்கும். சோர்வை மறக்க மதுவை நாடுவோர் அச்சோர்வையே வளர்க்கின்றனர்.

ஐந்தாவது, குளிர்காலத்தை வரவேற்கும் மனம். மலைகளுக்கிடையே அமைந்த ரியூக்கான் என்னும் நோர்வே ஊரில் செப்டெம்பர் முதல் மார்ச் வரை வெயில் விழுவதில்லை. மக்கள் மேலேறி வெயிலைக் காணட்டும் என்று 1928இல் கம்பிவட ஊர்தி அமைத்தனர். 2013இல் மலைமீது மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, கதிரொளியை ஊர்ச் சதுக்கத்தில் விழச் செய்தனர். துரொம்சோவிலோ, ஜனவரி மாதம் கதிரவன் திரும்பும் நாளில் பிள்ளைகளும் பெரியோரும் இனிப்புப் பணியாரம் உண்டு மகிழ்வர். டிசம்பர் 13இல் புனித லூசியாவின் திருநாளன்று வடநாட்டுச் சிறுமியர் மெழுகுதிரிகளுடன் பவனி வருவதும் அறிவீர்கள். இருளைப் பழிப்பதை விட்டு, அதனுள் சிறு ஒளிகளை ஏற்றுவது அம்மக்களின் வழி.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். வாழ்வதில் பயனில்லை என்னும் சொல் ஒருவர் வாயினின்று வருமாயின், ஒளிப்பெட்டியையும் எண்ணெயையும் பற்றிப் பேசிக் கொண்டிராமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது இறைநம்பிக்கையின் குறைவன்று. உடனே கைகொடுக்க வேண்டிய நோய்.

அத்தாயிடம் இறுதியாக ஒன்று கூறினோம். குளிர்காலத்தில் நோர்வே நேரம் நம்முடையதற்கு நாலரை மணி பிந்தியது. இங்கே நண்பகல் பன்னிரண்டரை ஆகும்போது அங்கே காலை எட்டு மணி. மகள் ஒளிப்பெட்டியின் முன் அமரும் வேளை. அந்த அரைமணி நேரம் அவளோடு பேசுங்கள்; ஆனால் பூசைக்குப் போனாயா, சமைத்தாயா என்று வினவ வேண்டாம். முதலில் ஏசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள் என்றோம். “நான் தாயல்லவா சுவாமி, பிள்ளையிடமா மன்னிப்புக் கேட்பது?” என்றார். அவ்வாலிபருக்கு நாமும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியதைக் கூறியபின் மௌனமானார்.

முதல் மூன்று நாட்கள் மகள் அழைப்பை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தாள். அன்று முதல் தாய் நாள்தோறும் முற்றத்து முருங்கை காய்த்ததையும், சந்தையில் மீன் விலை ஏறியதையும், அயல்வீட்டுப் பூனை குட்டி போட்டதையும் சொல்லி வந்தார். நோய் முற்றும் நீங்கிவிட்டதென நாம் சொல்லமாட்டோம். அடுத்த நவம்பரும் வரும். ஆனால் ஜனவரியில் கதிரவன் திரும்பிய நாளன்று அவளே தாயை அழைத்து, பிள்ளைகள் பணியாரம் உண்ணும் படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தாள்.

வடநாடுகளில் உங்கள் பிள்ளைகள் இருப்பின், அவர்கள் ஊரில் இன்று கதிரவன் எத்தனை மணிக்கு உதித்தான் என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிய கேள்வி அதன்பின் வரட்டும்.