பில் போட்டு வாங்கிய கலகம்

ஜாக்கெட்டுக்கு மேல் கையில்லாத தோல் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வது மோட்டார் சைக்கிள் கிளப்காரர்கள் பலரின் வழக்கம். வண்டி சறுக்கினால் முதலில் தரையில் உரசுவது உள்ளங்கையும் முழங்கையும். இரண்டையும் அந்தக் கோட்டு காக்காது. முதுகில் கிளப்பின் பேட்ச்சைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை. சித்திரை வெயிலில் பாலாற்றங்கரைச் சாலையில் அதை மாட்டிக்கொண்டு ஓட்ட நிஜமாகவே மனத்திடம் வேண்டும்.

1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊரில் நடந்த பைக் விழாவில் சிலர் குடித்துக் கலாட்டா செய்தார்கள். 'லைஃப்' பத்திரிகை ஒரு படம் போட்டது. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' வந்தது. அடங்காதவன் இப்படித்தான் உடுத்துவான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. நம் புல்லட்டின் கதையே வேறு. எல்லைக் காவலுக்காக ராணுவம் கேட்டு வாங்கிய வண்டி அது. அதன் தயாரிப்பு நிறுவனம் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோக்க, அது சென்னைக்கு வந்தது. ஊர்ப்பக்கம் அதில் வந்து இறங்கியவர்கள் இன்ஸ்பெக்டரும் பண்ணையாரும்தான். அதிகாரத்தின் வண்டியில் ஏறிக் கலகக்காரனின் கோட்டைப் போட்டுக்கொள்ள நம்மால் மட்டுமே முடியும்!

இன்று அந்த வண்டி காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகிறது. ஜாக்கெட், கையுறை, டி-ஷர்ட் எல்லாம் அதே நிறுவனத்தின் ஷோரூமில் கிடைக்கின்றன. கலகத்தையும் பில் போட்டே வாங்கலாம். வண்டியையாவது தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஞ்சுவது ஸ்டிக்கரும் தாடியும்.

இதற்காகக் கூட்டமாக ஓட்டுவதையே பழிக்க வேண்டியதில்லை. நல்ல கிளப்பின் வரிசையைப் பின்னாலிருந்து பார்த்தால் அதன் அருமை புரியும். வழி தெரிந்தவர் முன்னால் போவார். அவருக்கு அடுத்து புதியவர், கடைசியில் 'ஸ்வீப்' எனப்படும் அனுபவசாலி. நேர்ச்சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறிப் போகிறவர்கள், வளைவு வந்ததும் ஒற்றை வரிசைக்கு வந்துவிடுவார்கள். பள்ளம் வந்தால் முன்னவர் காலை நீட்டிக் காட்ட, அந்தச் சைகை வண்டிக்கு வண்டி தாவிக் கடைசிவரை போகும். பஞ்சர் என்றால் ஸ்வீப் நின்றுவிடுவார். எல்லோரும் ஒன்றுபோல் நடந்தாக வேண்டிய இடம் இதுதான். ஆனால் பேட்ச் கொடுக்க ஆயிரம் நிபந்தனை வைக்கும் சில கிளப்புகள், வரிசையில் எங்கே போக வேண்டும் என்று புதியவருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சரி, தனியாகப் போனால்? 2023 செப்டம்பர் 17 அன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் அருகே, யூடியூபர் டிடிஎஃப் வாசன் விபத்தில் சிக்கினார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் காட்டினார் என்பது வழக்கு. கைதானார், ஓட்டுநர் உரிமமும் 10 ஆண்டுகளுக்குப் பறிபோனது. வண்டியில் இருந்தது அவர் ஒருவர்தான். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் திரையில் பார்க்க ஓட்டுபவரைத் தனியாக ஓட்டுபவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேமரா ஹெல்மெட்டில் ஏறியதிலிருந்து கூட்டம் பின்சீட்டிலேயே உட்கார்ந்து வருகிறது. எத்தனை வண்டி போகிறது என்பதைவிட, யார் பார்க்க ஓட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

அதே வட்டாரத்தில், துணியில் சுற்றிய பாவு நூலை டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் நெசவாளரை யாரும் படம் எடுப்பதில்லை. அசல் தனிப் பயணி அவர்தான். ஹெல்மெட் மட்டும் ஹேண்டிலில் தொங்கும். அந்த ஒன்றைக் கிளப்காரர்களிடம் அவர் கற்றுக்கொள்ளலாம்.

கூடுவதற்கு வேறு வழியும் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடலில் தை மாதப் பார்வேட்டை உற்சவத்துக்கு ஐந்து பெருமாள்கள் கூடுகிறார்கள். காஞ்சி வரதர், பழையசீவரம் நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர் என நால்வரும் அவரவர் ஊரிலிருந்து, அவரவர் வழியில், அவரவர் அலங்காரத்தில் வந்து சேர, உள்ளூர் அப்பன் வெங்கடேசர் உடனிருக்கிறார். பார்த்துவிட்டு அவரவர் ஊருக்குத் திரும்புகிறார்கள். சென்னைக் கிளப்புகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து பார்க்கலாம். சந்திக்கும் இடமும் நேரமும் மட்டும் பொது. வழியும் வேகமும் அவரவர் பாடு. ஊர் எல்லையில் ஐம்பது சைலன்சர் ஒன்றாக அதிராது. பின்தங்கியவர் வரிசையைத் துரத்திப் பிடிக்க ஆக்சிலேட்டரை முறுக்கவும் வேண்டாம். பஞ்சருக்குப் பயந்தால் வழிக்கு இரண்டு பேராகப் புறப்பட்டால் போதும்.