ஆயில் ஊற்றினால் கணக்கு நேராகிவிடுமா?

ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டியில் தினமும் இருபது ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளி என்ன செய்வார்? பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துப் போட்டு, "கணக்கு நேராயிடுச்சு" என்று தூங்கப் போவாரா? மாட்டார். காசு எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கும் வரை கடையில் ஒருத்தரையும் விடமாட்டார்.

அதே முதலாளி ஒரு பழைய வேனும் வைத்திருப்பார். பள்ளிக்கூட டிரிப், கல்யாண டிரிப், சீசனுக்குச் சபரிமலை. அந்த வேனின் கிளட்ச் ஆயில் டப்பாவில் மாதாமாதம் ஆயில் குறையும். டிரைவர் வந்து சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "ஊத்தி ஓட்டுப்பா!"

கல்லாப்பெட்டிக்கு ஒரு நியாயம், கிளட்சுக்கு ஒரு நியாயமா?

முதலில், அந்த ஆயில் அங்கே என்ன செய்கிறது? 2019-ல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னி மாதிரி சின்ன வண்டிகளில் கிளட்ச் கேபிளில் வேலை செய்யும். டெம்போ டிராவலர் போன்ற பெரிய வேன்களில் கேபிள் இல்லை, ஆயில்தான். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ஒரு ஃபோர்க்கைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டை விடுவிக்கும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன பாஸ்கல் விதிதான் இது. பாஸ்கல் இறந்தது 1662-ல். அவர் விதி இன்றைக்கும் கொல்லிமலை ஏறிக்கொண்டிருக்கிறது!

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன் ஒரு கியர் இறக்கி, திரும்பியதும் ஒரு கியர் ஏற்றினால் வளைவுக்கு இரண்டு மிதி. மேலே போக 140, திரும்பிவர 140. ஆக, ஒரே டிரிப்பில் குறைந்தது 280 மிதி. ஒவ்வொரு மிதியிலும் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர்கள் உரசுகின்றன. பதினைந்து வருட வண்டியில் எத்தனை மிதி என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மேட்டருக்கு வருவோம். பிரேக்கில் ஆயில் மட்டம் மெல்லக் குறைவது இயல்பு. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஆனால் கிளட்ச் அப்படி இல்லை. பிளேட் தேய்ந்தால் மட்டம் குறையாது. தானாகவே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகையாக இருந்தால், ஸ்லேவ் பிஸ்டன் உள்பக்கம் நகர்ந்து மட்டம் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். எனவே கிளட்சுக்கென்று தனி டப்பா இருக்கும் வண்டியில் ஆயில் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ கசிகிறது. "பழைய வண்டின்னா கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்ற பேச்சே தப்பு. இன்ஜின் ஆயில் குடிக்கும். கிளட்ச் குடிக்காது.

எங்கே கசிகிறது என்று பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் கம்பி உள்ளே போகும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டர். வண்டிக்கு அடியில் ஸ்லேவின் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஸ்லேவ். இரண்டும் காய்ந்திருந்தால் குழாயும் ஹோஸும் சேரும் மூட்டுகள். ஒரு டார்ச்சும் ஐந்து நிமிடமும் போதும்.

இதைப் பார்க்காமல் விட்டால் வருவது இரண்டாவது தண்டம். ஆயில் போன இடத்தில் காற்று புகும். ஆயிலை அமுக்கினால் அசையாமல் தள்ளும், காற்றை அமுக்கினால் சுருங்கிவிடும். பெடல் பஞ்சு மாதிரி ஆகும். கியர் விழாது, ரிவர்ஸ் போடும்போது கறகற என்று கத்தும். உடனே யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "பிளேட் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கணும்."

இங்கேதான் கவனம் வேண்டும். கிளட்ச் "விடவில்லை" என்பது வேறு, கிளட்ச் "பிடிக்கவில்லை" என்பது வேறு. கியர் விழாமல் அடம்பிடித்தால் கிளட்ச் விடவில்லை. முதல் சந்தேகம் ஆயில் பக்கம் போகவேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி நகராமல் கருகல் வாசம் வந்தால் கிளட்ச் பிடிக்கவில்லை. அப்போதுதான் பிளேட் மேல் முதல் சந்தேகம். (மாஸ்டரில் ஆயில் திரும்பும் சின்ன ஓட்டை அடைத்துக்கொண்டாலும் பிடிக்காமல் போகலாம். அதனால் அப்போதும் ஆயில் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.) சில நூறு ரூபாய் வாஷர் கிட்டில் முடிகிற வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து கியர்பாக்ஸை இறக்கிய முதலாளிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கசிவே இல்லாவிட்டாலும் ஆயிலுக்கு வயதாகும். கிளட்சில் ஊற்றுவது பெரும்பாலான வண்டிகளில் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் பிறவிக் குணம். அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும், அரித்த சுவர் வாஷரைக் கிழிக்கும். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். டப்பாவில் கடுங்காப்பி நிறத்தில் தெரிந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். எந்த ஆயில் என்பது மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவதைப் போன்ற தவறு வேறில்லை. ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த செட்டையும் மாற்றவேண்டி வரும். திறந்து பல மாதமான பாட்டிலும் வேண்டாம்.

காற்று எடுப்பதும் எளிமைதான். இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவில் இருக்கும் நிப்பிளில் ஒரு தெளிவான ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கவேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடவேண்டும். குமிழி நிற்கும் வரை இதே கதை. நடுவில் மேல் டப்பா காலியாகக் கூடாது, ஆனால் மறுபடி முதலிலிருந்து. பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் பெயிண்டையே உரித்துவிடும்.

"பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டி, விக்கிற விலைக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் பாடம் படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். தேய்மானம் என்பது வண்டியின் புத்தக மதிப்பைக் குறைக்கிற கணக்கு. அதில் உட்கார்ந்து போகிற பிள்ளைகளின் மதிப்பு வருடா வருடம் குறைவதில்லையே! அதோடு, சில வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. அங்கே மட்டம் குறைந்தால் பிரேக் பேடையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். அங்கே "ஊத்தி ஓட்டு" என்பது பிரேக்கோடும் விளையாடுவது.

இன்னொரு அநியாயமும் உண்டு. நடுவழியில் வண்டி நின்றால் பழி யார் மேல் விழும்? "கிளட்சு மேலயே காலை வெச்சு ஓட்டுறான்" என்று டிரைவர் மேல்தான். அப்படி ஓட்டும் டிரைவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. கால் பெடலிலேயே கிடந்தால் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போகும். ஆனால் மூன்று மாதமாக "ஆயில் குறையுது சார்" என்று சொன்னவரும் அதே டிரைவர்தானே? அதை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்?

தீர்வு ரொம்பச் சின்னது. வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆயில் ஊற்றினால் தேதி, கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றியது என்று ஒரு வரி. முதல் வரி எழுதிய அன்றே டார்ச்சை எடுத்துக் கசிவைத் தேடவேண்டும். அதற்குள் இரண்டாவது வரியும் வந்துவிட்டால், கசிவை அடைக்காமல் வண்டி டிரிப்புக்குப் போகக்கூடாது. டிரைவர் எழுதட்டும், முதலாளி கையெழுத்துப் போடட்டும். அப்புறம் யார் மேல் தப்பு என்று பேருந்து நிலையத்தில் நின்று சண்டை போடவேண்டியதில்லை.

கல்லாவில் இருபது ரூபாய் குறைந்தால் தூக்கம் வராத மனுஷருக்கு, டப்பாவில் இரண்டு விரல் ஆயில் குறைந்தாலும் தூக்கம் வரக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.