பெயர் சொல்லப் பயம்

சம்பள பாக்கி வழக்கில் தொழிலாளி கணக்குச் சொல்லத் தயங்குவதில்லை. சாட்சியின் பெயரைச் சொல்லத்தான் தயங்குகிறார். அவர் ஓவர்டைம் பார்த்தது பக்கத்து மெஷின்காரருக்குத் தெரியும். ஆனால் அந்த மெஷின்காரர் இன்னும் அதே ஆலையில்தான் இருக்கிறார். பட்டியலில் பெயர் ஏறினால் நாளைக்கு அவர் வேலை நிலைக்குமா?

பெயரை மறைத்து வைத்து, விசாரணை நாளில் திடீரென்று ஆளைக் கூண்டில் ஏற்றவும் வழியில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது ஆணைப்படி, எழுவினாக்கள் வகுக்கப்பட்ட 15 நாட்களுக்குள் இரு தரப்பும் சாட்சிப் பட்டியல் தர வேண்டும். விடுபட்டவரை அழைக்க, தகுந்த காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். லேபர் கோர்ட்டுகள் இதற்கு வரிக்கு வரி கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் யாரென்றே தெரியாத சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று நிர்வாகத்தின் வக்கீல் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது.

தொழிலாளியின் பயமும் சட்டத்துக்குத் தெரியாததல்ல. தொழில் தகராறில் சாட்சி சொன்னதற்காகப் பழிவாங்குவது 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையிலேயே முறையற்ற செயலாகச் சேர்க்கப்பட்டது. 2020-ம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் எந்த நிர்வாகம் அந்தக் காரணத்தை எழுதி வேலையை விட்டு நீக்கும்? காகிதத்தில் வேறு காரணம் இருக்கும்.

ஆகவே ஆளைவிட ஏடே பாதுகாப்பான சாட்சி. மஸ்டர் ரோல், சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு எல்லாம் நிர்வாகத்திடம்தான் இருக்கின்றன. அவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி தொழிலாளி மனுப் போடலாம். வேலை நாட்களைப் பற்றிய ஒரு கர்நாடகத் தினக்கூலியின் வழக்கில், 2005-ல் உச்ச நீதிமன்றம் இதே வழியைச் சுட்டிக்காட்டியது. நியமனக் கடிதமே இல்லாதவர், பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? ஆனால் வெறும் பிரமாணப் பத்திரம் போதாது என்றும் நீதிபதிகள் எச்சரித்தார்கள்.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னொரு படி மேலே போகிறது. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் சுமையை அதன் 59-வது பிரிவு முதலாளியின் தலையில் வைக்கிறது.

ஆனால் கூடுதல் நேரம் வேலை பார்த்ததையே நிர்வாகம் மறுத்தால், தகராறு மறுபடியும் சாட்சியிடம்தான் வந்து நிற்கும். சம்பளச் சீட்டையும், தினமும் வந்துபோன நேரம் குறித்த டைரியையும் பத்திரமாக வைத்திருப்பவருக்கு, சக தொழிலாளியின் வயிற்றில் அடிக்க வேண்டிய அவசியம் குறையும்.