பெட்டியைத் திறந்தால் யாருக்குக் கோபம்?

பீர் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்களா? ஒரு நிமிஷம் இருங்கள். குடிக்கச் சொல்லப் போவதில்லை. குடிக்காதே என்று உபதேசமும் கிடையாது. ஒரு பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. அதன் பெயர் 'கீஸர்'.

பாத்ரூமில் வெந்நீர் கொட்டுமே, அதுவா என்பீர்கள். அது இல்லை, அதற்கு நேர் எதிர். பீர் பீப்பாய்க்கு 'கெக்' என்று பெயர். கெக்கையும் ஃப்ரீஸரையும் ஒட்டவைத்து அமெரிக்காவில் உருவாக்கிய வார்த்தை இது. நம்ம ஊர்க் கடைகளில் ஐஸ்க்ரீம் அடுக்கி வைத்திருப்பார்களே, மூடியை மேலே தூக்கித் திறக்கும் ஃப்ரீஸர்... அதை வாங்கி, குழாயைத் திறந்தால் பீர் கொட்டும்படி வீட்டிலேயே மாற்றிவிடுகிறார்கள். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் கார் ஷெட்டுகளில் இது சகஜமான சாமான்.

எப்படி மாற்றுகிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியமே இருக்கிறது. ஃப்ரீஸரின் சுவருக்குள் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் நெளிந்து நெளிந்து போகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே டிரில் போட்டால் பெட்டி காலி. புதிய மாடல்கள் பலவற்றில் ஓடுவது ஐஸோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. அதனால் சுவரைத் தொடவே மாட்டார்கள். மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் மரப்பலகையால் ஒரு சட்டம் உட்கார வைப்பார்கள். குழாய்களுக்கான ஓட்டைகள் எல்லாம் அந்தப் பலகையில்தான்.

ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரிக்கு ஆசைப்படும். பீருக்கு மூன்று, நாலு டிகிரி போதும். பெட்டியின் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகாமல், நடுவில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரை வைத்து அதில் செருகுகிறார்கள். உள்ளே ஒரு சென்ஸார் தொங்கும். குளிர் போதும் என்றால் கரன்ட்டை நிறுத்தும். ஏறினால் மறுபடி கொடுக்கும். கம்ப்ரஸர் அடிக்கடி நின்று நின்று ஓடிக் கெட்டுப்போகாமலிருக்க, சில நிமிஷ இடைவெளியும் வைத்துவிடுவார்கள். பீரை மேலே தள்ள ஒரு கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், ரெகுலேட்டர். அவ்வளவுதான் விஷயம்.

பீப்பாய் எங்கிருந்து வந்தது தெரியுமா? 19 லிட்டர் பிடிக்கும் இந்த ஸ்டீல் பாத்திரங்கள் கோக், பெப்ஸி சிரப்புக்காகச் செய்யப்பட்டவை. அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து சிரப் அனுப்பும் முறை வந்ததும், இவற்றை ஓரங்கட்டினார்கள். ஓரங்கட்டியதை வீட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஆக, இறைச்சிக்கான பெட்டி, கோலாவுக்கான பாத்திரம். இரண்டும் சேர்ந்து, செய்தவன் கனவிலும் நினைக்காத ஒரு வேலையைச் செய்கின்றன.

இதைப் பார்த்து மூன்று பேருக்குக் கோபம் வருகிறது.

முதல் ஆள், கணக்குப்பிள்ளை. 'கடையில் ஒரு டாலர் கொடுத்தால் ஒரு கேன் பீர். இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?'

நானும் பி.காம். படித்தவன்தான். வாருங்கள், கணக்குப் போடுவோம். பெட்டி, பீப்பாய், சிலிண்டர், குழாய் எல்லாம் சேர்த்து சுமாராக 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை காய்ச்சினால் 19 லிட்டர்; அதாவது 53 கேன். மூலப்பொருளுக்கு 40 டாலர் போட்டால், ஒரு கேன் அடக்க விலை 75 சென்ட். ஒரு டாலர் பீரோடு ஒப்பிட்டால் மிச்சம் 25 சென்ட். போட்ட முதலை எடுக்க 3,200 கேன், அறுபது தடவை காய்ச்ச வேண்டும். உசத்தியான இரண்டு டாலர் பீரோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு தடவையில் முதல் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஐந்து மணி நேரம் போகிறதே! அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 7.25 டாலர். அதையும் செலவில் எழுதினால் பன்னிரண்டு, இருபத்தேழு ஆகிவிடும். கரன்ட் பில் தனி.

ஆக, 'இது காசை மிச்சப்படுத்தும்' என்று யாராவது மனைவியிடம் சொன்னால், அது வடிகட்டின பொய். கணக்குப்பிள்ளை சொல்வது சரி. ஆனால் செலவை அவர் தப்பான தலைப்பில் எழுதுகிறார் சார்! இது மளிகைச் செலவு இல்லை. படிப்புச் செலவு. குளிர்ச்சி, அழுத்தம், நொதித்தல், கரன்ட் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் படிக்கிற செலவு. அதற்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது முடிந்த பிறகும் வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14-ம் தேதி அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வயது வந்த ஒருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், அதாவது 757 லிட்டர் பீர் காய்ச்சலாம். வரி கிடையாது. விற்கக் கூடாது. சாராயம் வடிக்க அனுமதி இல்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. கடைசியாக வந்த மிஸிஸிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் ஒப்புக்கொண்டன. முப்பத்தைந்து வருஷம்!

1970-களின் கடைசியில் அந்தப் பெரிய தேசத்தில் பீர் கம்பெனிகள் நூறுகூட இல்லை. சில ராட்சசக் கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரே ருசியில் காய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தன. இன்றைக்கு 9,000-க்கு மேல். (எல்லாம் சுபமில்லை, 2024-ல் திறந்ததைவிட மூடியது அதிகம்.) இவர்களில் பலர் வீட்டு அடுப்பில் ஆரம்பித்தவர்கள். கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு சாமான் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், பழைய பால் பண்ணைத் தொட்டிகளை வாங்கித் தானே வெல்டிங் வைத்து ஆரம்பித்ததுதான் சியரா நெவாடா. 1980-ல் முதல் காய்ச்சல். ராட்சசர்களுக்கு எதிரே ஒரு தொழிலே முளைத்ததற்கு, சும்மா பொழுதுபோக்காகக் காய்ச்சிக்கொண்டிருந்த ஆட்கள் பெரிய காரணம். கணக்குப்பிள்ளையின் எந்தப் பேரேட்டில் இதை எழுதுவது?

இரண்டாவது ஆள், ஒழுக்கவாதி. 'வீட்டிலேயே குழாயா? குடும்பம் உருப்படுமா?'

இவரைக் கிண்டல் செய்ய மாட்டேன். இவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேனில் குடித்தால் காலையில் காலி கேனை எண்ணலாம். குழாயில் குடித்தால் எண்ண ஒன்றுமில்லை. நிறுத்தத் தெரியாதவன் வீட்டில் இந்தப் பெட்டி ஆபத்துதான். அவன் கட்டக் கூடாது. ஆனால் ஒன்று. 19 லிட்டருக்கு மூன்று வாரம் காத்திருந்து, ஒவ்வொரு குழாயையும் கழுவி, நுரை ஏன் அதிகமாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவனைவிட, தெருமுனைக் கடைக்குப் போகிறவனுக்குக் குடிப்பது சுலபம். குடிகாரனுக்குக் குறுக்குவழி வேண்டும். இது சுற்றுவழி.

மூன்றாவது ஆள்தான் எனக்கு முக்கியம். ஃப்ரீஸர் செய்த கம்பெனி. 'மூடியைக் கழற்றினாயா? வாரண்ட்டி போச்சு!'

கழற்றியதால்தான் பழுது என்றால் சரி, பொறுப்பேற்க வேண்டாம். ஆனால் கழற்றினாலே குற்றம் என்பது எந்த ஊர் நியாயம்? காசு நான் கொடுத்தேன். கரன்ட் பில் நான் கட்டுகிறேன். பெட்டி என் வீட்டில் இருக்கிறது. பிறகு நான் முதலாளியா, வாடகைக்கு இருப்பவனா? அமெரிக்காவில் 1975-லேயே மேக்னஸன்-மாஸ் என்றொரு வாரண்ட்டி சட்டம் வந்துவிட்டது. எங்கள் பார்ட்ஸையே போடு, எங்கள் ஆளையே கூப்பிடு, இல்லாவிட்டால் வாரண்ட்டி இல்லை என்று மிரட்டக் கூடாது. அப்படியும் மிரட்டுவது நிற்கவில்லை. 2018-ல் ஆறு கம்பெனிகளுக்கு அந்நாட்டு வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று இணையதளம் திறந்தது. பிரச்னை அங்கே மட்டும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பெட்டியைத் திறக்கிறவனுக்கும் கடமை உண்டு. எங்கே ஓட்டை போடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கசியும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது; பெட்டியின் அடியில் தேங்கும்; சட்டென்று தலையை உள்ளே விடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் திறந்தால் அது அசட்டுத் துணிச்சல். தெரிந்துகொண்டு திறந்தால் அது உரிமை.

தமிழ்நாட்டு வாசகர்களே, தயவுசெய்து அவசரப்பட்டுப் பலகை வாங்கப் போய்விடாதீர்கள். இங்கே வீட்டில் பீர் காய்ச்சினால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் உங்களைத் தேடிவரும். நான் கேட்பது வேறு. உங்கள் வீட்டு மிக்ஸியின் அடியில் நாலு ஸ்க்ரூ இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா?

பார்க்கவில்லை என்றால், அதை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். அது இன்னும் உங்களுடையதாகவில்லை.