காரையின் கற்கள்
தூத்துக்குடித் துறைமுகத்தில் அயல்நாட்டு ராக் பாஸ்பேட் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போய்விடுகிறது. கந்தக அமிலத்தில் கரைந்து உரமாகப் போகிற அதே பாஸ்பேட், அங்கே மழை அரித்த களிமண் சரிவுகளில் பழுப்பு உருண்டைகளாகச் சிதறிக் கிடக்கிறது. பக்கத்திலேயே ஜிப்சம் மினுங்கும், தோட்டா போன்ற பெலம்னைட் புதைபடிவங்கள் காலில் இடறும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலடி. காரை, அதன் அருகிலுள்ள ஊட்டத்தூர் ஆகிய ஊர்களின் உருண்டைகளைப் பற்றிப் புவியியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? முத்துக்குளித்த ஊர்க்காரர்களுக்குக் கடல் தரும் செல்வத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளை ஒருமுறை காரைக்கு அழைத்துப் போங்கள். கல்லைக் காட்டுங்கள், தொட்டுப் பார்க்கட்டும். எடுத்து வர மட்டும் விடாதீர்கள்.