பீக் ஹவர் கட்டணம்: எந்த மோட்டாரை நிறுத்தலாம்?

கேள்வி: "எங்கள் உழவர் குழு முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கும் யூனிட் நடத்துகிறது. கரன்ட் பில்லில் 'பீக் ஹவர்' என்று தனியாக ஒரு தொகை வருகிறது. அந்த நேரத்தில் மோட்டார்களைத் தானாக நிறுத்தி, பிறகு தானாக ஓட்டும் கருவியை 1,50,000 ரூபாய்க்குப் பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?"
- ஒரு வாசகர், ஸ்ரீமுஷ்ணம்

பதில்: கருவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கடைசி மூன்று பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட வேண்டும். வீண் செலவா, நல்ல முதலீடா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பக்கத்திலேயே நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் தயாராகிறது. பிறகு நேரத்துக்கு ஒரு விலை ஏன் என்று இந்தப் பகுதியில் பலரும் கேட்பதுண்டு. பழுப்பு நிலக்கரியில் ஓடும் அனல் மின் நிலையத்தை நினைத்த நேரத்தில் கூட்டவும் குறைக்கவும் முடியாது. காலையில் வீடுகளில் மோட்டாரும் மிக்ஸியும் ஓடுகின்றன. மாலையில் விளக்கு, டிவி, மின்விசிறி எல்லாம் ஒன்றாகப் போடப்படுகின்றன. அதே நேரத்தில் சூரிய மின்சாரம் நின்றுபோகிறது. அந்த இழுபறி நேரத்தில் தொழிற்கூடங்களும் சேர்ந்து இழுக்காமல் இருக்கத்தான் கூடுதல் கட்டணம்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண மாற்றத்தில், காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரம் என்று வைக்கப்பட்டது. உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு அந்த நேர யூனிட்டுக்கு 25% கூடுதல். 12 கிலோவாட்டுக்கு மேல் 112 கிலோவாட் வரையுள்ள தாழ்வழுத்தத் தொழிற்கூடங்களுக்கும் முதலில் 25% என்றே வந்தது. சிறு தொழில் செய்வோர் எதிர்த்ததால் 15% ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகும் 2023 செப்டம்பர் 25-ல் மாநிலம் முழுவதும் சிறு தொழிற்கூடங்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தின. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், தன் பில்லில் எந்தக் கட்டண வகை, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதோ அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. யூனிட்டில் உள்ள மோட்டார்களும் டிரையரும் சேர்ந்து 20 கிலோவாட் இழுக்கின்றன. காலை 8 மணிக்கு ஓடத் தொடங்கி மாலை 4 மணிக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். உச்ச நேரத்தில் வருவது 8 முதல் 10 வரை உள்ள இரண்டு மணி நேரம் மட்டும். நாளுக்கு 40 யூனிட். 25 வேலை நாளுக்கு 1,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 15% கூடுதல் 1 ரூபாய் 20 காசு. ஆக மாதம் 1,200 ரூபாய். அதை முழுவதும் மிச்சப்படுத்தினாலும் 1,50,000 ரூபாய் திரும்பி வர 125 மாதம், அதாவது பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கருவியே பழுதாகிவிடலாம்.

அதே 1,200 ரூபாயைக் கருவி இல்லாமலே மிச்சப்படுத்த வழி இருக்கிறது. முந்திரியில் எல்லா வேலைக்கும் கரன்ட் தேவையில்லை. தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையால் செய்யும் வேலை. முதல் நாள் டிரையரில் காய்ந்து ஆறிய பருப்பை மறுநாள் காலை 8 முதல் 10 வரை உரிக்கவும் தரம் பிரிக்கவும் வைத்துக்கொண்டால், விளக்கும் விசிறியும் மட்டும் போதும். உடைக்கும் இயந்திரத்தையும் டிரையரையும் 10 மணிக்குப் போடலாம். வேலைக்கு வருபவர்களின் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. வேலையின் வரிசையை மாற்றினால் போதும். பில்லைக் குறைப்பதற்காகப் பெண்களை இரவு 10 மணிக்கு மேல் வரச் சொல்வது சரியான யோசனை அல்ல. இரவு 10 முதல் காலை 5 வரை கிடைக்கும் 5% தள்ளுபடியும் உயர் அழுத்த இணைப்புக்குத்தான்.

டிரையரில் ஒரு கவனம் வேண்டும். மதியம் 2 மணிக்குப் பருப்பை ஏற்றிவிட்டு 6 மணிக்குப் பாதியில் நிறுத்தினால், பருப்பு மறுபடி ஈரம் இழுக்கும், தோல் ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது பருப்பு உடையும். முழுப் பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் உள்ள விலை வித்தியாசம் கரன்ட் மிச்சத்தை விழுங்கிவிடும். காலை 10 மணிக்கு ஏற்றி, மாலை 6 மணிக்குள் இறக்கும்படி அளவாக ஏற்ற வேண்டும். நெல் அரைக்கும் குழுக்களுக்கும் இதே விதிதான். அறுவடைக் காலத்தில் ஈர நெல் குவிந்து கிடக்கும்போது உச்ச நேரம் என்று டிரையரை நிறுத்தக்கூடாது. நெல் சூடேறிக் கெட்டுவிட்டால் போகும் பணம் மிக அதிகம்.

எதைத் தானியங்கியாக்கலாம்? சேர்த்து வைக்கக்கூடிய வேலையை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், குளிர்பதன அறையின் கம்ப்ரஸர் போன்றவை. தொட்டியை மாலை 6 மணிக்கு முன் நிரப்பிவிடலாம். குளிர் அறையை 6 மணிக்கு முன் விளைபொருளுக்கு ஏற்ற அளவு நன்றாகக் குளிரவிட்டு, கதவைத் திறக்காமல் வைத்தால் கம்ப்ரஸர் சில மணி நேரம் குறைவாகவே ஓடும். வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் உச்ச நேரமானாலும் கம்ப்ரஸர் தானாக ஓடும்படி அமைக்க வேண்டும். இதற்கு ஒரு டைம் ஸ்விட்ச், ஒரு கான்டாக்டர், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி போதும்; லட்சக்கணக்கில் ஆகாது. டைம் ஸ்விட்ச் பேட்டரி உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்கும் கடிகாரம் பின்தங்கிவிடும். அதன் நேரத்தை மின்வாரிய மீட்டர் காட்டும் நேரத்தோடு பொருத்தி வைக்க வேண்டும்.

உடைக்கும் இயந்திரம், அரைவை இயந்திரம் போன்று கை போகும் இடத்தில் உள்ள எதையும் தானாக ஓடத் தொடங்கும்படி அமைக்கவே கூடாது. தானாக நிற்கலாம், ஓட்டுவதற்கு ஆள்தான் பொத்தானை அழுத்த வேண்டும். சிக்கிய கொட்டையை எடுக்கக் கையை விட்டிருக்கும்போது 10 மணி அடித்தால் என்ன ஆகும் என்பதைக் குழுவினர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. விவசாய இணைப்புக்கு இந்த உச்ச நேரக் கட்டணம் கிடையாது. அதனால் பம்ப்செட் இணைப்பிலிருந்து யூனிட்டுக்கு ஒயர் இழுக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவின்படி அது முறைகேடான பயன்பாடு. இரண்டு மடங்கு கட்டணம் விதிக்கப்படும். இலவச மின் இணைப்புக்கும் ஆபத்து.

மாதம் பல ஆயிரம் யூனிட் உச்ச நேரத்தில் ஓடும் உயர் அழுத்த ஆலைக்கு முழுத் தானியங்கி அமைப்பு கட்டுப்படியாகலாம். அங்கே பல மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடி உச்சத் தேவை ஏறாமல் தடுப்பதும் ஒரு லாபம். அந்தத் தேவையை வைத்துத் தனிக் கட்டணம் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் குழுவின் அளவுக்கு இப்போது அது தேவையில்லை. முதலில் வேலை வரிசையை மாற்றி இரண்டு பில் பார்க்கட்டும். பீக் ஹவர் தொகை அதன் பிறகும் பெரிதாக நின்றால், எந்த மோட்டாரால் வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் டைம் ஸ்விட்ச் போட்டால் போதும். மிச்சமாகும் 1,50,000 ரூபாய் அடுத்த பருவத்தில் கொட்டை கொள்முதலுக்கு உதவும்.