பௌதிகவியல் ஆசிரியர் எங்கே?

மலையகப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியலில் நாட்டமில்லையாம். கல்வி அலுவலகங்களில் இதைக் கூசாமல் சொல்கிறார்கள். பாடம் கடினமாம். பெற்றோருக்கு விளக்கம் போதாதாம். பிள்ளைகள் தாமாகவே கலைப் பிரிவுக்குப் போகிறார்களாம்.

பொய். ஆசிரியரே இல்லாத பாடத்தை ஒரு பிள்ளை எப்படி விரும்பும்? எப்படி வெறுக்கும்?

நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளையைக் கேளுங்கள். பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரம் என்றால் கலைப் பிரிவுதான். விஞ்ஞானம் படிக்க பஸ் ஏற வேண்டும். இடம் கிடைத்தாலும் செலவு பாடசாலையோடு நிற்பதில்லை, டியூஷனுக்கும் போக வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் தோட்டத்தில் அந்தக் காசு எங்கிருந்து வரும்? அம்மாவின் அரைப்பேரிலிருந்தா?

உயர்தரத்தில் பௌதிகவியல் இல்லையென்றால் பொறியியல் பீடம் இல்லை. மருத்துவ பீடம் இல்லை. பௌதிக விஞ்ஞானப் பட்டமும் இல்லை. ஒரே ஓர் ஆசிரியர் வெற்றிடம் இத்தனை கதவுகளையும் சாத்திவிடுகிறது.

நோர்வூட் வழியே ஓடும் கெசல்கமு ஓயா காசல்ரி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் மலைக்குள் சுரங்கத்தில் இறங்கி, நோட்டன்பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தை 1965 முதல் சுழற்றி வருகிறது. அதன் பிறகு லக்ஷபானவுக்குப் போகிறது. அழுத்த சக்தி இயக்க சக்தியாகி, மின்சாரமாகி, கொழும்பில் விளக்கெரிக்கிறது. பௌதிகவியல் படிக்க இதைவிடப் பெரிய ஆய்வுகூடம் இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? அந்த நீர்க்கரை லயத்தில் வளரும் பிள்ளைக்கு இதை விளக்க ஆளில்லை.

இது இயற்கை அனர்த்தமல்ல. கையெழுத்திட்டுச் செய்த காரியம். நியமனம் பெற்று ஆசிரியர் வருகிறார். கட்டாய சேவைக் காலம் முடிவதற்குள் இடமாற்றம் வாங்கிப் போகிறார். பதிலாள் வருவதில்லை. இன்னும் சிலருக்குத் தற்காலிக இணைப்பு. பெயர் இங்கே, ஆள் வேறெங்கோ. விடுவித்த கடிதத்தில் கையெழுத்திட்டவர் யார்? பதிலாள் எங்கே என்று கேட்காதவர் யார்? அவர்களே பதில் சொல்ல வேண்டும்.

மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளர்களை நியமித்ததைச் சாதனை என்றார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைக் காட்டுகிறார்கள். ஆனால் உயர்தரப் பௌதிகவியலுக்குப் பட்டதாரி வேண்டும். அந்தப் பட்டதாரி இங்கிருந்து உருவாகவில்லை, ஏனென்றால் இங்கே கற்பிக்க ஆளில்லை. ஆகவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். ஆகவே போய்விடுகிறார்கள். இந்தச் செக்கைச் சுற்றவிட்டவர்கள்தான் பிள்ளையின் நாட்டத்தைக் குறை சொல்கிறார்கள்.

கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று என்று அரசே ஒப்புக்கொள்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் அம்மாவட்டங்களுக்கென 5 சதவீத இடங்களும் உண்டு. பௌதிகவியல் பரீட்சை எழுதவே வழியில்லாத பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? கடைசி வாசலில் சலுகை. முதல் வாசலில் பூட்டு.

எங்கள் மக்கள் பிரதிநிதிகள் மேடைதோறும் மலையகப் பல்கலைக்கழகம் கேட்கிறார்கள். கேட்கட்டும். அதன் விஞ்ஞான பீடத்தில் யாருடைய பிள்ளை உட்காரப் போகிறது என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும். பாராளுமன்றத்தில் பௌதிகவியல் வெற்றிடங்களைப் பாடசாலை வாரியாகக் கேட்க இவர்களைத் தடுப்பது யார்?

நோர்வூட் அடங்கிய ஹட்டன் கல்வி வலயத்தில் எந்தப் பாடசாலையில், எந்தத் திகதியிலிருந்து பௌதிகவியல் ஆசிரியர் இல்லை? வலயக் கல்வி அலுவலகம் இந்தப் பட்டியலை வெளியிட வேண்டும். பதிலாள் வந்து பொறுப்பேற்கும் வரை எவரையும் விடுவிக்கக் கூடாது. தற்காலிக இணைப்பில் போனவர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் இவ்வலயத்துக்கென்றே பௌதிகவியல் பட்டதாரிகளைச் சேர்க்க வேண்டும். அதுவரை ஓர் ஆசிரியரைப் பல பாடசாலைகளுக்குப் பகிர வேண்டுமென்றால், பிள்ளைகளை அழைத்துவரும் பஸ் செலவைத் திணைக்களமே ஏற்க வேண்டும்.

அடுத்த உயர்தர வகுப்பு தொடங்கும் முதல் நாள், முதல் பாடவேளையில், கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியர் நிற்க வேண்டும்.